நான்காம் பாடம்

ஜனவரி 8

டீச்சரம்மாவுக்கு உன் நாத்தனார் எழுதுவது.

நலம் விசாரிப்பதை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனிலேயே முடித்துவிட்டோம், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். முதல் பாடத்தை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். திஸ் இஸ் எ பக்கெட். தட் இஸ் எ டோர். தீஸ் ஆர் ஷீட்ஸ். சலவைக்கூடத்தில் கண்ணில் பட்டதை எல்லாம் எழுதித் தள்ளிவிட்டேன். ஊரில் உள்ள ஹோட்டல்களின் படுக்கை விரிப்பெல்லாம் எங்களிடம்தான் வருகிறது. ஈரத்தில் ஒவ்வொன்றும் ஆள் கனம் கனக்கும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இஸ்திரி உருளைக்குள் விட வேண்டும். விரல் கொஞ்சம் உள்ளே போனால் தீர்ந்தது கதை.

போனில் பாடம் வேண்டாம், தபாலில்தான் என்று நீ சொன்னது சரிதான். போனில் என் மகள் வாலுவின் குரலைக் கேட்டாலே எனக்குத் தமிழே மறந்துவிடுகிறது, ஆங்கிலம் எங்கே வரும்?

குடும்ப அனுமதி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். என் அறையில் கூட இருக்கும் தையல்காரிதான் துணைக்கு வந்து, கவுன்டரில் சொன்னதைத் தமிழில் சொன்னாள். தொடக்க நிலை ஆங்கிலத் தேர்வில் நான் தேற வேண்டுமாம். தேறிய தாளோடு விண்ணப்பம் போட்டால் என் மகளை இங்கே கூட்டிக்கொள்ளலாம். ஆனால் அவளுக்குப் பத்து வயது முடிவதற்குள் போட வேண்டும். அதாவது இந்தச் செப்டம்பருக்குள். அதற்குப் பிறகு வேறு சட்டமாம், வருடக்கணக்கில் இழுக்குமாம்.

அவளுடைய அப்பா எங்களை அம்போ என்று விட்டுவிட்டுப் போன கையோடு, வேலை கிடைத்த திசையில், இந்த வெளிநாட்டுக்கு ஓடி வந்தவள் நான். இரண்டாம் வகுப்புப் பிள்ளையை உன் இடுப்பில் ஏற்றிவிட்டு வந்தேன். நீ முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டாய். தம்பி பெண்டாட்டி யாரும் செய்யமாட்டாள். அதை நான் மறக்கவில்லை.

ஒரு சந்தேகம். நாம் ‘வந்தேன், குளித்தேன், படுத்தேன்’ என்று ஆளைச் சொல்லாமலே ஒரு நாளை முடித்துவிடுவோம். இங்கே ஒவ்வொன்றுக்கும் ஐ, ஐ என்று நெஞ்சைத் தட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இத்தனை ‘நான்’ என் ஆயுசில் சொன்னதில்லை. கட்டாயமா, விட்டுவிடலாமா?

உன் நாத்தனார்


ஜனவரி 24

அன்புள்ள அண்ணிக்கு,

கட்டாயம். விட முடியாது.

தமிழில் ‘வந்தேன்’ என்றாலே நான், ‘வந்தாள்’ என்றாலே அவள். ஆள் யார் என்பது வினைக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கில வினையில் அந்த வசதி இல்லை. அதனால் யார் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். யார், என்ன செய்கிறார், எதை. இந்த வரிசை மாறவே கூடாது. நீங்கள் கடைசியில் ‘ஐ ஷீட் ஃபோல்ட்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது தமிழ் வாக்கியத்துக்கு ஆங்கிலச் சட்டை போட்டது. ‘ஐ ஃபோல்ட் த ஷீட்.’ விரிப்பு கைக்கு வருவதற்கு முன்னாலேயே நீங்கள் மடிக்க ஆரம்பித்துவிட வேண்டும், அப்படி நினைத்துக்கொள்ளுங்கள்.

என் முன்னறை வகுப்பில் லாரி டிரைவரிலிருந்து மருந்துக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் ஒரே விதிதான். எழுதிய பாடத்தைச் சிவப்புப் பேனாவால் திருத்துவேன். ஒரு கோடு விழுந்தாலும் அடியில் ‘மறுபடி எழுதவும்’ என்று போடுவேன். கோடே விழாமல் வந்த பிறகுதான் அடுத்த பாடம். வயதில் பெரியவர் நீங்கள், கோபித்துக்கொள்ளக் கூடாது. மொத்தம் ஏழு பாடம். தபால் போய் வர நாளாகிறது, அதனால் இந்த ஒரு தடவை மட்டும் விதியைத் தளர்த்தி இரண்டு, மூன்று, நான்கு மூன்றையும் இதோடு வைத்திருக்கிறேன்.

தேர்வு பற்றி நானும் விசாரித்தேன். தோற்றால் ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி உட்கார விடுவார்களாம். செப்டம்பருக்கு முன்னால் உங்களுக்கு ஒரே வாய்ப்பு. அவசரம் வேண்டாம்.

வாலுவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று விழுந்தது. ஒரு மணி நேரம் என் மடியில் உட்கார்ந்துகொண்டு, ‘ஆட்டிப் பாரு அத்தே, ஆட்டாத அத்தே’ என்று மாற்றி மாற்றி உயிரை வாங்கினாள். எங்களுக்கு நடுவில்தான் படுக்கிறாள். என் மேல் ஒரு கால், உங்கள் தம்பி மேல் ஒரு கால். அவர் கட்டில் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு நாளாகிறது.

அன்புடன்,
உங்கள் தம்பி மனைவி


மார்ச் 3

டீச்சரம்மா,

இரண்டாம் பாடமும் மூன்றாம் பாடமும் கோடு விழாமல் வந்ததைப் பார்த்து நான் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். அவரிடம் ‘ஐ ஆம் சாரி’ என்று சொன்னேன். என் முதல் ஆங்கிலம் மன்னிப்பில் ஆரம்பித்திருக்கிறது, என் ராசி அப்படி.

நான்காம் பாடம்தான் திரும்பி வந்துவிட்டது. தப்பு தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். அவள் என்றால் வினைக்குப் பின்னால் ஒரு ‘ஸ்’ ஒட்ட வேண்டும், ஷி வர்க்ஸ். ‘டஸ் நாட்’ வந்துவிட்டால் அந்த ‘ஸ்’ கழன்றுவிடும், ஷி டஸ் நாட் வர்க். இப்போது பிடிபட்டுவிட்டது. விரிப்பு மடிக்கும்போது முணுமுணுத்துக்கொண்டே மடிக்கிறேன், எதிர்முனை பிடிப்பவள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்கிறாள். புதிதாக எழுதி வைத்திருக்கிறேன். ஜூனில் தேர்வுக்குப் பதிவு செய்யலாம் என்றிருக்கிறேன். என்ன சொல்கிறாய்?

இன்னொன்று. சொல்லாமல் விடலாமா என்று பார்த்தேன், முடியவில்லை. போன ஞாயிறு வாலுவிடம், ‘அம்மாகிட்ட வர்றியாடி?’ என்று கேட்டேன். ‘அத்தையைக் கேட்டுச் சொல்றேன்’ என்றாள். சிரித்துக்கொண்டேதான் போனை வைத்தேன். அன்றைக்கு மத்தியானம் உருளையில் கையைச் சுட்டுக்கொண்டேன்.

நீ எதுவும் சொல்லித் தரவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். அவளிடம் நீ என்ன சொல்லியிருக்கிறாய்?

உன் நாத்தனார்


மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

நான் அவளிடம் எதையும் சொல்லவில்லை. சாக்பீஸ் எடுக்கக்கூட என்னைக் கேட்டுவிட்டுத்தான் எடுப்பாள். நல்ல பழக்கம் என்று நினைத்திருந்தேன். அதுவும் குற்றமா என்று தெரியவில்லை.

நான்காம் பாடத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மறுபடி எழுதவும்.

ஜூனில் பதிவு செய்ய வேண்டாம். இன்னும் கேள்வி கேட்கும் பாடம் இருக்கிறது, நடந்து முடிந்ததைச் சொல்லும் பாடம் இருக்கிறது, இனி நடக்கப் போவதைச் சொல்லும் பாடம் இருக்கிறது. அஸ்திவாரம் ஆடும்போது மாடி கட்டக் கூடாது.

நீங்கள் ஒன்று கேட்டீர்கள், நானும் ஒன்று கேட்கிறேன். விடியற்காலை வேலைக்குப் போகும்போது அவளை யாரிடம் விட்டுவிட்டுப் போவீர்கள்? பள்ளி முடிந்து வந்தால் யார் கதவைத் திறப்பார்கள்? தையல்காரி இருக்கும் அந்த அறையில் மூன்றாவது கட்டில் எங்கே போடுவீர்கள்? குறை சொல்லவில்லை. இங்கே அவளுக்கு ஒரு ஜன்னல் இருக்கிறது, மேஜை இருக்கிறது. வகுப்புக்கு வருபவர்களின் பெயரை எல்லாம் அவள்தான் பலகையில் எழுதுகிறாள். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி மனைவி


ஏப்ரல் 29

டீச்சரம்மா,

இந்தக் கடிதத்தை நேற்று எழுதிக் கிழித்துப் போட்டேன். இன்றைக்குக் கிழிக்கப் போவதில்லை.

நான்காம் பாடம் மூன்றாவது தடவையாகச் சிவப்போடு வந்திருக்கிறது. சாப்பாட்டு இடைவேளையில் அதை மடியில் வைத்துக்கொண்டு, எங்கே தப்பு, எங்கே தப்பு என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். கிழிந்த விரிப்புகளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த தையல்காரி எட்டிப் பார்த்தாள். அவள் போன வருடம் இதே தேர்வில் தேறியவள். ‘இது சரியாத்தானே இருக்கு, எதுக்குக் கோடு?’ என்றாள். ‘டீச்சர் போட்டா காரணம் இருக்கும்’ என்றேன். அப்படித்தான் சொன்னேன், கேட்டுக்கொள். அவள் விடவில்லை. சாயங்காலம் நூலகத்தில் ஓசியில் பாடம் சொல்லித் தரும் அம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுத் தாளையும் படித்தார். எல்லாமே சரி என்றார்.

தாளையே உனக்குத் திருப்பி அனுப்புகிறேன், நீயே பார். நீ எந்த வாக்கியத்துக்கு அடியில் இரண்டு கோடு இழுத்திருக்கிறாய் என்று பார். ‘மை டாட்டர் லிவ்ஸ் வித் ஹெர் ஆன்ட். ஷி டஸ் நாட் லிவ் வித் மி.’ என் மகள் அவள் அத்தையோடு வாழ்கிறாள், என்னோடு வாழவில்லை. இதில் என்ன தப்பு கண்டாய்? ‘ஸ்’ இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, கழல வேண்டிய இடத்தில் கழன்றிருக்கிறது. இதைவிடச் சரியான வாக்கியத்தை நான் இனிமேல் எழுதப் போவதில்லை.

மார்ச் போய்விட்டது, ஏப்ரல் போய்விட்டது. இப்படியே நான்காம் பாடத்தில் என்னைக் கட்டிப்போட்டு வைத்தால் செப்டம்பரும் போய்விடும். போகட்டும் என்றுதானே பார்க்கிறாய்? நான் கூமுட்டை இல்லை. லேட்டாகப் புரிந்துகொண்டவள், அவ்வளவுதான்.

ஜூன் 14ஆம் தேதிக்குப் பதிவு செய்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை, சொல்கிறேன்.

இதற்குக் கீழே ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். அதைப் பார்க்காதே.

நாத்தனார்


மே 14

அண்ணிக்கு,

பார்க்காதே என்றால் யார் பார்க்காமல் இருப்பார்கள்? ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தேன். ‘உனக்கென்று ஒன்று பிறந்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும்.’ நீங்கள் எழுதியதிலேயே பிழை இல்லாத வரி அதுதான். அதனால் அதற்குச் சிவப்புப் போடவில்லை.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இந்த வார்த்தையை மாமியார் சொன்னதில்லை, அக்கம்பக்கத்தில் யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. உங்களிடமிருந்து தபாலில் வந்திருக்கிறது.

உங்களுக்கு நான் அந்த லாரி டிரைவரின் கதையைச் சொன்னதில்லை. போன வருடம் அவரை நான்தான் தேர்வுக்கு அனுப்பினேன். ‘நல்லா பேசறீங்க, போங்க’ என்று தட்டிக்கொடுத்து அனுப்பினேன். உள்ளே போனதும் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார். வெளிநாட்டு வேலை கையைவிட்டுப் போயிற்று. இப்போதும் வந்து கடைசி நாற்காலியில் உட்காருகிறார், என்னை ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஆறு மாதம் தள்ளிப்போனாலும் அவருக்கு இன்னொரு வேலை கிடைக்கும். உங்களுக்கு ஆறு மாதம் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நான் பயந்தேன். பயந்தவளுக்கு நீங்கள் வைத்த பெயர் வேறு.

டீச்சர்மேல் நம்பிக்கை இல்லாவிட்டால் படிக்க முடியாது. நூலகத்து அம்மாவிடமே மீதியைக் கற்றுக்கொள்ளுங்கள். இனி பாடம் அனுப்பமாட்டேன்.


மே 27

சரி. அனுப்ப வேண்டாம்.

அடித்த வரிக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தேன். கடைசிப் பத்தியைப் படித்ததும் கேட்கத் தோன்றவில்லை.

போன ஞாயிறு வாலு போனுக்கு வரவில்லை. தூங்குகிறாள் என்று தம்பி சொன்னான். பட்டப்பகலில் எந்தப் பிள்ளை தூங்கும்? அவனுக்குப் பொய் சொல்ல வராது, சின்ன வயதிலிருந்தே தொண்டை கரகரக்கும். அன்றைக்கும் கரகரத்தது.

என் மகளை என்னிடம் பேசவிடாமல் வைத்திருக்கிறீர்களா? இதற்கு மட்டும் பதில் எழுது.

தேர்வில் தோற்றால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவேன். கையில் ஒன்றும் இல்லாமல் வந்து நிற்பேன், ஏதாவது வீட்டில் பாத்திரம் தேய்ப்பேன். எப்படியானாலும் பிள்ளை என்னிடம்தான்.


ஜூன் 6

அண்ணிக்கு,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். கூடவே ஐந்து, ஆறு, ஏழு மூன்று பாடமும் இருக்கின்றன. கோபத்தில் தூக்கிப் போடாதீர்கள். முதலில் பாடத்தை எடுத்து வைத்துவிட்டுப் பிறகு கடிதத்தைப் படியுங்கள்.

நாங்கள் பேசவிடாமல் வைக்கவில்லை. அவள் தூங்கவும் இல்லை. நானும் உங்கள் தம்பியும் முந்தின நாள் சண்டை போட்டோம். ‘அக்கா பிள்ளைய அக்காகிட்ட அனுப்பறதுக்கு நீ யாரு தடுக்க?’ என்று அவர் கத்தினார். அது அவள் காதில் விழுந்துவிட்டது. போன் மணி அடித்ததும் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். ‘யாருகூட இருக்கேன்னு கேப்பாங்க, எனக்குச் சொல்லத் தெரியல’ என்றாள். அவர் ஏதோ வாயில் வந்ததைச் சொல்லிப் போனை வைத்தார்.

அடுத்த நாள், நீங்கள் திருப்பி அனுப்பிய நான்காம் பாடம் மேஜைமேல் கிடந்தது. பள்ளியிலிருந்து வந்தவள் அதை எடுத்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

‘அத்தே, இது சரிதானே?’

‘சரிதான்.’

‘அப்ப ஏன் கோடு போட்டிருக்கே?’

‘அம்மா இன்னும் நல்லா எழுதணும்னுதான்.’

‘இதுக்கு மேல எப்படி நல்லா எழுதறது?’

டிரைவர் கதையை அவளிடம் சொல்ல முடியுமா? சொல்லிப் பார்த்திருந்தாலும் அவள் நம்பியிருக்கமாட்டாள். அந்த வாக்கியத்தை நான் மூன்று தடவை படித்தேன், அண்ணி. முதல் தடவை உண்மையாகவே தப்பு இருந்தது. இரண்டாம் தடவை ஒரே ஒரு இடத்தில் எழுத்து சரியில்லை, விட்டிருக்கலாம். மூன்றாம் தடவை ‘என்னோடு வாழவில்லை’ என்ற இடத்துக்கு வந்ததும் கை தானாகக் கோடு இழுத்தது. அப்போது பேனாவைப் பிடித்திருந்தது டீச்சரா அத்தையா என்று எனக்கே தெரியவில்லை. பயந்தது நிஜம். பயம் எனக்குச் சௌகரியமாக இருந்ததும் நிஜம்.

இனி பாடம். ஐந்தாவது, கேள்வி கேட்பது. கேள்வியில் மட்டும் நான் சொன்ன வரிசை மாறும். ‘டஸ்’ முன்னால் வந்து நிற்கும், ஆள் அதற்குப் பின்னால். எல்லாக் கேள்வியும் வாலுவைப் பற்றியே போட்டிருக்கிறேன். காலையில் என்ன சாப்பிடுவாள்? எதைக் கண்டால் பயப்படுவாள்? அவளுடைய சிநேகிதி யார்? எப்போது அழுவாள்? தேர்வில் குடும்பத்தைப் பற்றிக் கேட்பார்கள், அதனால்தான் என்று எழுத நினைத்தேன். நீங்களும் நம்பமாட்டீர்கள், நானும் நம்பவில்லை. விடைகளைத் தனித்தாளில் எழுதி மடித்து ஒட்டியிருக்கிறேன். முதலில் நீங்களே எழுதிப் பாருங்கள்.

உள்ளே போனதும் மூச்சை இழுத்துவிட்டு உட்காருங்கள். புரியாவிட்டால் மறுபடி சொல்லச் சொல்லிக் கேளுங்கள், அதற்கு மார்க் குறைக்கமாட்டார்கள். யார், என்ன, எதை. மறக்காதீர்கள்.

தம்பி மனைவி


ஜூன் 18

டீச்சரம்மா,

எழுதிவிட்டேன். முடிவு ஜூலையில்தான் வரும். நடந்ததைச் சொல்கிறேன்.

உன் பாடம் வந்தபோது மூன்று நாள்தான் மிச்சம் இருந்தது. கேள்விகளைப் பார்த்ததும் சிரித்தேன், என் பிள்ளையைப் பற்றி எனக்கே பரீட்சையா என்று. ஆங்கிலம் தடங்கலில்லாமல் வந்தது. பால் குடிப்பாள் என்று எழுதினேன். நாயைக் கண்டால் பயப்படுவாள் என்று எழுதினேன். சிநேகிதி என்று இரண்டாம் வகுப்பில் கூடவே ஒட்டிக்கொண்டு திரிந்த பெண்ணை எழுதினேன். பிறகு உன் விடைத்தாளைப் பிரித்தேன்.

பால் ஆடையைப் பார்த்தாலே ஓடிவிடுவாள். அந்தச் சிநேகிதியோடு போன வருடமே பேச்சு நின்றுவிட்டது. நாய்க்குப் பயமில்லை, தெருநாயைக் கட்டிக்கொள்கிறாள். கொக்கியில் தொங்கும் சட்டையைக் கண்டால்தான் பயம், ஆள் நிற்பது மாதிரி இருக்கிறதாம். ஒரு வாக்கியத்திலும் இலக்கணப் பிழை இல்லை. ஒரு விடையும் சரியில்லை. நீ சிவப்புப் போடாமலே நான் தோற்றேன். அந்தத் தாளை வைத்துக்கொண்டு குளியலறையில் போய் அழுதேன், தையல்காரி கதவைத் தட்டத் தட்டத் திறக்கவில்லை.

தேர்வு அறையில் ஒரு நடுவயதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை இருக்கிறதா, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டாள். ‘ஹெர் ஆன்ட் லுக்ஸ் ஆஃப்டர் ஹெர்’ என்றேன். ‘ஸ்’ போட்டுத்தான் சொன்னேன். நல்லாப் பார்த்துக்கொள்கிறாளா என்று கேட்டாள். ‘எஸ், ஷி டஸ்.’ யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது.

கடைசியில், இப்போது நீங்கள் என்னிடம் கேள்வி கேளுங்கள் என்றாள். ‘டூ யூ ஹாவ் எ டாட்டர்?’ என்றேன். ஆமாம் என்றாள். என் நினைவில் உன் பாடம்தான் ஓடியது. ‘வாட் இஸ் ஷி அஃப்ரைட் ஆஃப்?’ என்று கேட்டுவிட்டேன். உன் மகள் எதைக் கண்டு பயப்படுவாள்? அவள் பேனாவைக் கீழே வைத்தாள். ‘ஐ டோன்ட் நோ’ என்றாள்.

பேனாவை மறுபடி எடுத்து என் தாளில் ஏதோ எழுதிவிட்டு, போகலாம் என்றாள்.

அடித்த வரிக்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். அதில் பிழை இல்லை என்றாய். இருந்தது. உனக்கென்று ஒன்று இல்லாமல் இல்லை.

இப்போது என்னுடைய கேள்வி. டஸ் ஷி வான்ட் டு கம்? அவளுக்கு வர விருப்பமா? நான் போனில் கேட்கமாட்டேன். என் குரலைக் கேட்டால் எனக்குப் பிடித்ததைச் சொல்லிவிடுவாள். நீ அவளைக் கேட்டு எழுது. நீ என்ன எழுதினாலும் ஒத்துக்கொள்வேன், தேறினாலும் சரி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

உன் நாத்தனார்


ஜூலை 3

அண்ணி,

இப்படி ஒரு கேள்வியை என் கையில் கொடுத்துவிட்டு உங்களால் எப்படிச் சாப்பிட முடிந்தது? உங்கள் கடிதத்தை மூன்று நாள் தலையணை உறைக்குள் வைத்திருந்தேன். ‘வர விருப்பமில்லை’ என்று ஒரு வரி எழுதினால் போதும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்துதான் இருக்க வேண்டும். உங்கள் தம்பியிடம்கூட நான் காட்டவில்லை.

நேற்றுத் தலை பின்னும்போது கேட்டேன். முகத்தைப் பார்த்துக் கேட்கத் தைரியமில்லை, பின்னால் உட்கார்ந்துகொண்டு கேட்டேன்.

‘அம்மாகிட்டப் போறியாடி?’

அவள் ரிப்பனை விரலில் சுற்றி அவிழ்த்தாள். பிறகு, ‘அம்மாவுக்கு நான் பால் குடிக்க மாட்டேன்னு தெரியுமா?’ என்றாள்.

‘இப்பத்தான் தெரியும்.’

‘சட்டை?’

‘அதுவும் இப்பத்தான்.’

‘பாவம், வேற ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. நான் போய்ச் சொல்லிக் குடுக்கறேன். நீ அழக் கூடாது.’

நான் அழவில்லை என்று சொன்னேன். பின்னலை அவிழ்த்து முதலிலிருந்து பின்னினேன்.

ஷி வான்ட்ஸ் டு கம். ‘ஸ்’ போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.


ஜூலை 29

டீச்சரம்மா,

தேறிவிட்டேன். விண்ணப்பம் போட்டாயிற்று, செப்டம்பருக்கு முன்னாலேயே அனுமதி வந்துவிடும் என்கிறார்கள்.

நீ மார்ச்சில் கேட்ட கேள்விகளுக்கு அப்போது என்னிடம் பதில் இல்லை, அதனால்தான் எரிச்சல் வந்தது. இப்போது இருக்கிறது. விடியற்காலை ஷிஃப்டுக்குப் பதிலாகப் பள்ளி நேரத்து ஷிஃப்ட் கேட்டு வாங்கினேன், நானே ஆங்கிலத்தில் கேட்டேன். மேற்பார்வையாளர் வாயைப் பிளந்துவிட்டார். தையல்காரி மாடியில் வேறு அறைக்குப் போகிறாள். ஜன்னல் பக்கம் வாலுவின் கட்டில்.

நேற்று ஸ்க்ரூ டிரைவர் வாங்கிவந்து அறையில் இருந்த கொக்கி எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். என் சட்டைகள் மடித்துத் தரையில் கிடக்கின்றன. ஓட்டைகளை மூட வேண்டும்.

அவள் எப்போது அழுவாள் என்ற கேள்விக்கு மட்டும் நீ விடை எழுதவில்லை. காலியாக விட்டிருக்கிறாய். ஏன்?

உன் நாத்தனார்


ஆகஸ்ட் 30

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி அவளை உங்களிடம் கொண்டுவந்து விட்டுவிட்டு நேற்றுத்தான் திரும்பினார். தான் அங்கிருந்து கிளம்பும்வரை அவள் அழவில்லை என்றார். இங்கே வாசலில் செருப்பு மாட்டும்போதும் அழவில்லை. எப்போது அழுவாள் என்று எனக்குத் தெரியாது, அதனால்தான் காலியாக விட்டேன். அவர் கிளம்பிய பிறகு உங்களிடம் அழுதிருப்பாள் என்று நினைக்கிறேன். அந்த விடையை நீங்கள்தான் எனக்கு எழுத வேண்டும்.

பலகையில் மாணவர்களின் பெயரை இப்போது நான்தான் எழுதுகிறேன். ‘உங்க கையெழுத்து நல்லா இல்ல டீச்சர், பாப்பா எழுத்துதான் அழகு’ என்று டிரைவர் சொல்லிவிட்டார். அவரை மறுபடி தேர்வுக்கு அனுப்பப் போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அனுப்பப் போகிறேன்.

கட்டிலில் நடுவில் இடம் இருக்கிறது. அவர் இன்னும் ஓரத்தில்தான் படுக்கிறார். சொன்னாலும் நகர்வதில்லை.

சிவப்புப் பேனாவைக் காணவில்லை. வீடெல்லாம் தேடினேன். பெட்டி கட்டும்போது அவள் கேட்ட கேள்வி பிறகுதான் ஞாபகம் வந்தது. ‘அம்மா தப்பா எழுதினா யாரு திருத்துவா?’ உங்கள் வீட்டில் அவளுடைய பையைப் பாருங்கள், இருக்கும். வாங்கி வைக்க வேண்டாம், அவளிடமே இருக்கட்டும்.

நான் பென்சிலால் திருத்திக்கொள்கிறேன். நீங்கள் தேறிவிட்டீர்கள், இனிப் பாடம் தேவையில்லை, எனக்குத் தெரியும். இருந்தாலும் வாரம் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புங்கள். அவள் காலையில் என்ன சாப்பிட்டாள், புதுச் சிநேகிதி யார், எதற்குச் சிரித்தாள். கொஞ்சம் தப்போடு எழுதுங்கள், அண்ணி. திருப்பி அனுப்ப எனக்கு ஏதாவது வேண்டும்.

தம்பி மனைவி